பின் சீற்றில ஆர் இருப்பினம்?

நாங்கள் ஊர்விட்டு வந்து குடியேறிய டன்டினோங்கில் எங்களுக்கு ஓர் அமெரிக்கன் இருந்தார். சாவகச்சேரிக்காரர். அமெரிக்காவை அவர் விமான யன்னலால்கூடப் பார்த்தது கிடையாது. நெடுஞ்சாலை ஓரமாக, முக்கோணக் கொடிகள் கட்டிய, பழைய வாகனங்கள் விற்கும் யாட் ஒன்றில் விற்பனையாளராக இருந்தார். "எங்க வாகனம் எடுத்தனீங்கள்?" என்று பக்கத்து நோபல் பார்க்கில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் "அமெரிக்கனிட்டை" என்று பதில் வரும். கேட்டவருக்கு அது போதும். அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அவரைத் தெரிந்தவர்களுக்கே ஆள் யாரென்று விளங்காது.

நான் நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். மேலே காலநிலை, கீழே நடந்தது. மனதில் பட்டதை எழுதுவதில்லை; அது அடுத்த நாள் மாறிவிடும். 2009 ஜூனில், இந்த நாட்டுக் குளிர்காலத்தில், அவரை முதலில் சந்தித்த நாளுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "தூறல். வான் வாங்கப் போனோம். சின்னக் கார் வாங்கி வந்தோம்." ஏன் அப்படி ஆனது என்பதை எழுத எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

வான் வேண்டும் என்றது என் மனைவி. எட்டுப் பேர் இருக்கக்கூடியது, பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவு உள்ளது. ஊரில் சண்டை முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. யாட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது மற்ற இடங்களைப்போல் யாரும் ஓடி வரவில்லை. மெலிந்த ஒருவர், கம்பளிச் சட்டைக்கு மேல் கழுத்தில் ரை கட்டி, தலையில் தட்டைத் தொப்பியோடு மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் நின்றார். மனைவி கை காட்டிய வானின் கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே வெறுமையாக இருந்த இருக்கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பின் சீற்றில ஆர் இருப்பினம்?"

"மகள்" என்றாள் மனைவி.

"மகள் எங்க?"

"சிட்னியில. கிரவீனில சிநேகிதியளோட இருந்து படிக்கிறா."

"வேற?"

மனைவி என்னைப் பார்த்தாள். "சண்டை முடிஞ்சுதுதானே அண்ணை. இனி எங்கட சனம் வரும்."

அவர் தலையை ஆட்டினார். கதவை மெதுவாக இழுத்து மூடினார். "வரட்டும் தங்கச்சி. வந்தாப் பிறகு வாங்குவம். அமெரிக்கன் சொல்லுவான், ஆள் இல்லாத சீற்றுகளைக் காவிக்கொண்டு திரியிறதுதான் உலகத்தில பெரிய பாரம் எண்டு."

"எந்த அமெரிக்கன்?"

"உள்ள இருக்கிறான். பேந்து காட்டுறன்."

ஓடிப் பார்க்கச் சிறிய சிவப்புக் கார் ஒன்றின் சாவியை என் கையில் தந்தார். மற்ற யாட்களில் விற்பனையாளர்தான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பார். வழி நெடுக என்ஜினைப் புகழ்ந்துகொண்டு வருவார். இவர் என் மனைவிக்கு முன் கதவைத் திறந்துவிட்டு, தான் பின்னால் ஏறினார். நடுவில் இருந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"நீங்கள் முன்னுக்கு வரலாமே" என்றேன்.

"இல்லைத் தம்பி. திறப்பு உம்மட கையில. இப்ப இது உங்கட வாகனம், நான் விருந்தாளி."

திரும்பி வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மனைவியும் வெகு நாளைக்குப் பிறகு சாவகாசமாகக் கதைத்துக்கொண்டு ஓடினோம். மகளைப் பற்றி, ஊரிலிருந்து வர மறுக்கும் என் மனைவியின் அம்மாவைப் பற்றி. அந்தச் சிவப்புக் காரையே எடுத்து, எங்கள் பழைய காரை மாற்றாகக் கொடுத்தபோது அதன் திறப்பை அவர் இரண்டு கைகளாலும் வாங்கினார். சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். நாங்கள் புறப்பட்டபோது தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடைபாதை விளிம்பில் நின்றார். பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன். வளைவில் நாங்கள் திரும்பும்வரை தூறலில் அப்படியே நின்றார்.

"இந்தாள் யாவாரம் செய்யுறாரோ, வயித்தெரிச்சலைக் கிளப்புறாரோ?" என்றாள் மனைவி. வீடு வரும்வரை அவளுக்குக் கோபம். ஆனால் வானைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

அவர் சொன்ன அமெரிக்கன் யாட்டின் அலுவலக அறையில், ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்தான். கசெற் போடும் வாய் அடியிலேயே அமைந்த பெட்டி அது. அதன் ஒலிபெருக்கி எப்போதோ செத்துவிட்டது. யாரோ மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போன பழைய கார் ஒன்றின் டிக்கியில், உதிரி ரயருக்குக் கீழே, உறையில்லாத வீடியோ கசெற் ஒன்று கிடந்திருக்கிறது. நாங்கள் அண்ணை என்று கூப்பிட்ட அந்த விற்பனையாளர் அதை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். அவர் விற்பனை வேலைக்குச் சேர்ந்த புதிது. யாரும் அவருக்கு வேலை பழக்கவில்லை. அந்தப் படம் பழக்கியது.

கறுப்பு வெள்ளைப் படம். உலக யுத்தம் முடிந்த கையோடு அமெரிக்காவில் எடுத்தது. தொப்பி போட்ட கார் விற்பனையாளர் ஒருவருடைய ஒரு நாள். காலையில் முகம் வழிப்பதில் தொடங்கி, பொழுதுபட வீட்டுக்குப் புறப்படுவதோடு முடியும். சுவரில் அவர் இராணுவ உடுப்போடு நிற்கும் படம் ஒன்று தொங்கும். "எங்களை மாதிரித்தான். சண்டையால வந்தவன்" என்பார் அண்ணை. "வந்தவனுக்கு ஆரோ நம்பி வேலை குடுத்திருக்கினம். அதுதான் இவ்வளவு கவனமா நடக்கிறான், பாரும்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார் போனாலும் அவர்களுக்கு அந்தப் படம் கிடைக்கும். சத்தம் இல்லாததால் அண்ணையே எல்லாருக்கும் பேசுவார். தொப்பிக்காரருக்கு ஒரு குரல், வாங்க வந்த பருத்த மனிதருக்கு ஒரு குரல், அவருடைய மனைவிக்குக் கொஞ்சம் மெல்லிய குரல். தொப்பிக்காரர் பழைய காரின் திறப்பை வாங்கிச் சட்டைப் பையில் போடுவார். அண்ணை சொல்லுவார்: "இவ்வளவு காலம் உங்களைக் காவின வாகனம் ஐயா. அதின்ர திறப்பை மேசையில எறியக்கூடாது." தொப்பிக்காரர் பின் இருக்கையில் ஏறுவார். அண்ணை சொல்லுவார்: "நீங்கள் குடும்பமா முன்னுக்கு இருங்கோ. நான் விருந்தாளி." தொப்பிக்காரர் போகிற காருக்குத் தொப்பியைக் கழற்றுவார். அந்த இடத்தில் மட்டும் அண்ணை ஒன்றும் சொல்லமாட்டார்.

"சத்தமில்லாத படத்தில அவன் சொல்லுறது உமக்கு எப்பிடியப்பா கேட்டது?" என்று ஒருவர் நக்கலாகக் கேட்டதற்கு நான் சாட்சி.

"பார்த்துக்கொண்டிருந்தாக் கேக்கும்" என்றார் அண்ணை, சோற்றைக் குழைத்தபடி.

அந்தத் தொப்பிக்காரர் சொன்னதாக அவர் சொன்னவை டன்டினோங் எங்கும் திரிந்தன. "பொனற்றைத் திறந்து காட்டாதை, கதவைத் திறந்து காட்டு." "வாங்க வந்தவன் ரயரை உதைச்சா, அவனுக்கு வாகனம் பிடிக்கேல்லை எண்டில்லை, கூச்சம்." "மனிசி சிரிக்காத வாகனத்தைப் புருசனுக்கு விக்காதை." கல்யாண வீட்டில், கடையில், வாகனத்தோடு ஒட்டாத விடயங்களுக்கும் சனம் "அமெரிக்கன் சொல்லுவான்" என்று தொடங்கப் பழகிவிட்டது.

அவரிடம் கார் இல்லை. இது எங்கள் ஆட்களுக்குப் பெரிய பகிடி. ரயிலில் வந்து, பஸ் மாறி, நெடுஞ்சாலை ஓரம் நடந்து வேலைக்குப் போவார். ஒருநாள் மழையில் கண்டு ஏற்றிக்கொண்டேன். பின் கதவைத்தான் திறந்தார்.

"கார் விக்கிறவரிட்டைக் கார் இல்லையோ அண்ணை?"

"பின் சீற்றில ஆரும் இல்லையே தம்பி."

அன்றுதான் சொன்னார். மனைவியும் மகளும் திருச்சியில் இருந்தார்கள். மகள் கைப்பிள்ளையாக இருந்தபோது விட்டு வந்தவர். வள்ளத்தில் வந்தவருக்குத் தற்காலிக விசாதான் கொடுத்தார்கள். அதில் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. வருடக்கணக்காகக் காத்திருந்து இப்போதுதான் நிரந்தரம் கிடைத்திருந்தது. விண்ணப்பம் போட்டாயிற்று. நிலையான வேலை ஒன்றில் இருப்பது அவசியம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். மகளுக்குப் பதினெட்டு முடிவதற்குள் காரியம் ஆக வேண்டும். பிறகு சிக்கல் என்றும் சொல்லியிருந்தார். இதையெல்லாம் அண்ணை பின் இருக்கையிலிருந்து, வேறு யாருடையவோ கதையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

இன்னொரு காட்சியும் என்னிடம் இருக்கிறது. என் காரின் பிறேக் விளக்கைத் திருத்தக் கொண்டுபோன நாள். வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் யாட்டின் ஓரத்தில் நின்ற பச்சைக் காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அது அவருடைய கார்தான். கணவர் இறந்தபின் முந்தின வாரம் கொண்டுவந்து விற்றிருந்தார். திரும்ப வாங்க வரவில்லை. என்ன கேட்பதென்று அவருக்கே தெரியவில்லை. அண்ணை போனார். ஓட்டுநர் பக்கத்தை விட்டு, மற்றப் பக்கத்து முன் கதவைத் திறந்தார். அந்த அம்மா ஏறி இருந்தார். அண்ணை பின்னால் ஏறி நடுவில் இருந்தார், தொப்பி மடியில். ஓட்டுநர் இருக்கையில் ஒருவரும் இல்லை. கார் ஓடவில்லை. இருவரும் முன்னே தெரிந்த தெருவைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள். என் விளக்கைத் திருத்தி முடித்து நான் கிளம்பும்போதும் அப்படித்தான் இருந்தார்கள்.

அதை அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று புது மனேஜரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாட்டின் சொந்தக்காரர் நோய்வாய்ப்பட்டு, மருமகன் பொறுப்பெடுத்திருந்தார். இளம் வயது, வெள்ளைப் பல், எல்லாரையும், நண்பா என்ற அர்த்தத்தில், 'மேற்' என்பார். அண்ணையை 'சிலை' என்றார். சனம் உன்னைத் தேடித்தான் வருகிறது, ஆனால் நீ பெரிய வாகனம் கேட்டவனுக்குச் சின்னதை விற்கிறாய், சின்னதைக் கேட்டவனைப் பஸ்ஸில் போ என்கிறாய் என்றார். வாய் திறந்து விற்கப் பழகு. வசந்தகாலம் தொடங்கியும் இப்படியே இருந்தால் வேறு இடம் பார் என்றார்.

அந்தக் கிழமை அண்ணை என் கராஜுக்கு வந்தார். வார நாட்களில் நான் மருத்துவக் கருவிகள் திருத்தும் இடத்தில் வேலை; சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோ கசெற்றுகளை டிவிடியாக மாற்றிக் கொடுப்பேன். அவர் பிளாஸ்ரிக் பையிலிருந்து கசெற்றை எடுத்து, இரண்டு கைகளாலும் தந்தார்.

"உதுக்குள்ள சத்தம் ஏதும் ஒளிச்சிருக்குதோ எண்டு பாரும் தம்பி. நான் இவ்வளவு காலமும் கையைக் காலைத்தான் பழகியிருக்கிறன். வாயைப் பழகேல்லை. அவன் உண்மையா என்ன கதைக்கிறான் எண்டு கேட்டனெண்டால் மனேஜருக்கு ஒருமாதிரிச் செய்து காட்டிப்போடுவன்."

அவர் போனபின் கசெற்றைப் போட்டேன். சத்தம் ஒளிந்திருக்கவே இல்லை. பெட்டிதான் ஊமை, கசெற் நன்றாகவே பேசியது.

அது விற்பனையாளர்களைப் பயிற்றுவிக்க எடுத்த படம். தொப்பிக்காரர் அநேகமாகப் பேசவேயில்லை. படம் முழுக்க ஒரு விளக்கக் குரல், கனமான, சந்தோசமான குரல், என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனது. பழைய காரின் திறப்பை வாங்கிச் சட்டைப் பையில் போடு: திறப்பு உன்னிடம் இருக்கும்வரை அவனால் எழுந்து போக முடியாது. ஓடிப் பார்க்கும்போது பின்னால் ஏறு, வாயை மூடிக்கொண்டிரு: கணவனும் மனைவியும் நீ இருப்பதையே மறந்துவிடுவார்கள், எவ்வளவு வரை அவர்கள் கொடுப்பார்கள் என்பது அவர்கள் வாயாலேயே வரும். கார் மறையும்வரை தொப்பியைக் கழற்றி நில்: கண்ணாடியில் பார்ப்பான், அண்டை அயலவனிடம் சொல்லுவான்.

அண்ணை பழகிய அத்தனை அசைவுகளும் படத்தில் அப்படியே இருந்தன. ஒரு விரல்கூடப் பிசகில்லை. அதற்கு அவர் வைத்திருந்த அர்த்தம் ஒன்றுகூட அங்கே இல்லை. நான் கருவியை நிறுத்தினேன். டன்டினோங் முழுக்கச் சொல்லித் திரிந்த அமெரிக்கனின் வாக்குகளை எந்த அமெரிக்கனும் சொல்லவில்லை. ஓர் ஊமைப் பெட்டிக்கு முன்னால் இருந்து, சோற்றைக் குழைத்தபடி, இந்த மனிதர் தனக்குள்ளிருந்து எடுத்துவிட்டு, வேறொருவர் பெயரில் எங்களுக்குத் தந்திருந்தார். தன்னுடையது என்று அவருக்கே தெரியாமல்.

சனிக்கிழமை பின்னேரம் அவர் வந்தார். மனைவி தேத்தண்ணியோடு கராஜுக்கு வந்து, தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். நான் படத்தைச் சத்தத்தோடு போட்டேன்.

திறப்பு வந்த இடத்தில் அண்ணையின் கை தன் சட்டைப் பைக்குப் போனது. பின் இருக்கை வந்த இடத்தில், "கொஞ்சம் நிப்பாட்டும்" என்றார். "என்ன சொல்லுறான்? கெதியாக் கதைக்கிறான், விளங்கேல்லை."

விளங்கியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் சொன்னேன். "அவை மறந்துபோவினமாம்."

"ஆரை?"

"பின்னால இருக்கிறவரை."

படம் முடிந்தது. இன்னொருமுறை போடச் சொன்னார். இரண்டாம்முறை அவர் குரலைக் கேட்கவில்லை. முன்னால் குனிந்து தொப்பிக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"உதைத்தானே அண்ணை உங்கட மனேஜரும் கேக்கிறான்? நீங்கள் புதுசா ஒண்டும் பழகத் தேவையில்லை. எல்லாம் முந்தியே செய்யிறியள். பின்னால இருந்து காதில விழுறதைப் போய் அவனிட்டைச் சொன்னாச் சரி. வேலை நிக்கும். மனிசியையும் பிள்ளையையும் ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ."

"அவையைத்தான் நினைக்கிறன் தங்கச்சி." பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தக் குரல் ஆர்?"

"விளக்கம் சொல்லுறவர். படத்தில இல்லாத ஆள்."

"அப்ப இவன் வாய் திறக்கேல்லை."

"இல்லை."

"வாயே திறக்காதவன் மனசில என்ன இருக்குது எண்டு படத்தில இல்லாத ஆளுக்கு எப்பிடித் தெரியும்?" அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு வழக்கைத் தீர்த்துக்கொண்ட நிம்மதி இருந்தது. "தெலுங்குப் படத்துக்குத் தமிழ் குடுக்கிற மாதிரித்தான். ஆரோ பிழையா டப்பிங் குடுத்துப்போட்டினம் தம்பி. அவன்ர முகத்தைப் பாரும். அந்தக் கதை இந்த முகத்துக்குப் பொருந்துதோ?"

பார்த்தேன். நிறுத்தி வைத்த படத்தில் தொப்பிக்காரர் பின் இருக்கையில், தொப்பி மடியில், கண்கள் முன்னால் இருப்பவர்கள்மேல். பொருந்தவில்லை என்றுதான் எனக்கும் பட்டது. அவர் சொன்ன பிறகு பட்டதா, உண்மையாகவே பொருந்தவில்லையா என்று இன்றைக்கும் எனக்கு முடிவில்லை.

"குரலை எடுத்துப்போட்டுப் புதுசா ஒரு கொப்பி அடிச்சுத் தாரும்" என்றார். எழும்பிக் கதவடிக்குப் போனவர் திரும்பினார். "அந்தப் பொம்பிளை காருக்குள்ள ஏறேக்க, அவன் தன்ர வாயால ஒண்டு சொன்னானே?"

"தலை கவனம், அம்மா எண்டான்."

"ஓம். அதை விடும். அது இவன்ர. போட்டு வாறன்."

நான் அப்படியே செய்து கொடுத்தேன். விளக்கக் குரல் முழுவதையும் நீக்கி, 'தலை கவனம், அம்மா' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டேன். அரை மணி நேர மௌனத்தில் ஒரேயொரு வார்த்தை. நான் வெட்டி ஒட்டியவற்றுள் மிகச் சுத்தமான வேலை அதுதான்.

அதன்பின் நடந்ததை த பேசின் என்ற ஊரின் விநாயகர் கோயிலில் அறிந்தேன். மலையடிவாரத்தில் அன்று நல்ல வெயில். வாசலில் ஒரு வெள்ளைக் கார் மாலை போட்டு நின்றது. ரயர்களுக்குக் கீழே தேசிக்காய்கள் வைத்திருந்தார்கள். வாங்கியவன் வள்ளத்தில் வந்த பெடியன், கோழித் தொழிற்சாலையில் வேலை. அவன் மனைவிக்கு நிறைமாத வயிறு. அண்ணை தான் விற்ற வாகனங்களின் பூசைக்கு வருவார். அன்றும் வந்து, உள்ளே கும்பிட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பெண் எங்களிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

"ஓடிப் பார்க்கேக்க நாங்கள் ரெண்டு பேரும் அங்கிள் பின்னால இருக்கிறதையே மறந்துபோனம், அன்ரி. இவர் எவ்வளவு விலைக்குப் போகலாம், ஆரிட்டைக் கைமாத்து வாங்கலாம் எல்லாம் கதைச்சுப்போட்டார். திரும்பி வந்து இறங்கினதும் அங்கிள் எங்களுக்கு முன்னால வந்து நிண்டார். 'தம்பி, நீங்கள் கதைச்சது முழுக்க என்ர காதில விழுந்துபோட்டுது. உள்ள போனா மனேஜர் என்னைக் கேப்பான். எனக்குப் பொய் சொல்ல வராது. அதால ரெண்டு பேரும் அந்த மூலைக்குப் போய், குறைச்சு இன்னொருக்காக் கதைச்சுப்போட்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ' எண்டார்."

"நாங்கள் போய்க் கதைச்சம்" என்றான் பெடியன். "சத்தமாவே கதைச்சம், அங்கிளுக்குக் கேக்கட்டும் எண்டு."

எல்லாரும் சிரித்தோம். உள்ளேயிருந்து அண்ணை திருநீற்றோடு வந்தார். கார் தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. அவர் தொப்பியைக் கழற்றினார். கார் மரங்களுக்குள் மறைந்தபின் நான் மெதுவாகக் கேட்டேன்: "மனேஜர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவன். வேலை முடிஞ்சுது தம்பி, வெள்ளிக்கிழமையோட."

என் மனைவி சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப விசா?"

அவர் தொப்பியைத் திரும்பப் போட்டு, விளிம்பைச் சரிசெய்தார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் மனைவி அழுதாள். கோபமா, வேறு ஏதோவா என்று நான் கேட்கவில்லை. நாட்குறிப்பில் "வெயில். அண்ணைக்கு வேலை போய்விட்டது" என்று மட்டும் இருக்கிறது. கையில் கிடைத்த ஒரு தந்திரம், அதுவும் புதிதாக ஓர் அசைவுகூடப் பழகத் தேவையில்லாத தந்திரம். அதற்கு மறுபக்கம் அவர் மகள். நானாக இருந்தால் என்ற கேள்வியை அன்று தொடங்கி இன்றுவரை நான் எழுதி முடிக்கவில்லை.

அண்ணை வேலை இழந்ததைக் கேட்டு வழக்கறிஞர் தலையில் கை வைத்தாராம். சில மாதம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு பெரிய வாகனக் காட்சியறை ஒன்றில் கார் கழுவும் வேலை. அங்கே ஒருமுறை போய்ப் பார்த்தேன். முழங்கால்வரை இறப்பர் சப்பாத்து, கையில் குழாய், அதே தொப்பி.

"கஷ்டமோ அண்ணை?"

"சீ. அமெரிக்கனும் முதல்ல கழுவினவன்தான்."

"படத்தில அப்பிடி இல்லையே?"

"படம் துவங்க முன்னம்" என்றார், குழாயை நிறுத்தாமல்.

கழுவிய காரின் பின் இருக்கையை அவர் கடைசியாக ஒருதரம் துடைத்தார். அங்கே யாரும் அதைச் செய்வதில்லை என்று பக்கத்தில் நின்றவன் சொன்னான்.

விசா வந்தது 2013-ல், மகளின் பதினெட்டுக்கு முந்தின மாதம். அவர் தொலைபேசியில் எனக்குச் சொன்னது ஒரே வசனம்: "தம்பி, உம்மட சிவப்புக் காரை ஒருக்காத் தருவீரோ, நீர் ஓட்டினாப் போதும்."

விமான நிலையத்துக்கு என் மனைவியும் வந்தாள். கதவுகள் திறந்து திறந்து மூடின. அவருடைய மனைவியை அவர் கண்டுபிடித்தார். மகளை அவர் மனைவிதான் காட்ட வேண்டியிருந்தது. அம்மாவைவிட உயரமாக, முதுகுப் பையோடு நின்ற அந்தப் பெண் "அப்பா" என்று சொல்லிப் பார்த்தாள். சரியாக வந்ததா என்று சோதிப்பதுபோல. அண்ணை தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

காரடியில் என் மனைவி முன் கதவைத் திறந்து, "அண்ணை, நீங்கள் முன்னுக்கு வசதியா இருங்கோ. நாங்கள் பொம்பிளையள் பின்னால ஏறுறம்" என்றாள். அவர் கேட்காததுபோலப் பின் கதவைத் திறந்தார். தன் மனைவியை ஏற்றினார். மகள் குனிந்தபோது கதவின் மேல் விளிம்பில் தன் உள்ளங்கையை வைத்தார்.

"தலை கவனம், அம்மா" என்றார்.

பிறகு மற்றப் பக்கத்தால் வந்து தானும் ஏறினார். மூன்று பேருக்கு அந்த இருக்கை போதாது. பயணப் பை ஒன்று மகளின் மடியில், தொப்பி அதன்மேல். என் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"அண்டைக்கு அந்த வானை எங்களுக்கு வித்திருந்தா இப்ப நெருக்குப்படத் தேவையில்லை, என்ன?"

"போதும் தங்கச்சி" என்றார் பின்னாலிருந்து. "இது காணும்."

நான் காரை எடுத்தேன். பின்னால் இருப்பவர்களை முன்னால் இருப்பவர்கள் மறந்துவிடுவார்கள் என்று படத்தின் அந்த விளக்கக் குரல் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருந்தது. டன்டினோங் வரைக்கும் நான் ஒவ்வொரு குழியையும் பார்த்துப் பார்த்து விலக்கி ஓட்டினேன்.